கை போகாத ஹால்: மாதிரி வீட்டு அறைகளுக்கு அளவு குறித்த கதை

நான் பிளைவுட்டில் செய்த சின்ன மாதிரி வீட்டில், ஹாலின் பின்சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டியிருந்தது. தபால்தலை அளவில் நானே வரைந்து, தீக்குச்சியில் சட்டம் போட்ட படம். பின்னால் ஒரு சொட்டுப் பசை வைத்து, இடுக்கியில் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். பாதி தூரம் போவதற்குள் சோபா நகர்ந்தது. மூலையில் இருந்த விளக்கு சாய்ந்தது. மாடித் தளத்தின் விளிம்பு கையில் இடித்தது. ஒருவழியாக இடுக்கி சுவரைத் தொட்டபோது என் கையே பார்வையை மறைத்துக்கொண்டு நின்றது. எந்த இடத்தில் ஒட்டுகிறேன் என்றே தெரியவில்லை. கையை வெளியே எடுத்துக் குனிந்து பார்த்தால், படம் கோணலாக, சீலிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

அந்த வீட்டுக்கு ஏழு மாத உழைப்பு போட்டிருந்தேன். இத்தனைக்கும் அளவில் ஒரு தப்பும் கிடையாது. நிஜ வீடு ஒன்றின் வரைபடத்தை எடுத்து, எல்லா அளவையும் 12-ஆல் வகுத்து, அப்படியே பிளைவுட்டில் வெட்டியிருந்தேன். 18 அடி ஆழமுள்ள ஹால் 18 அங்குலம் ஆனது. 9 அடிச் சீலிங் 9 அங்குலம் ஆனது. எல்லாம் பொருந்தியது. ஆனால் கை போகவில்லை, கண்ணும் போகவில்லை.

நிஜ அறைக்குள் நாம் நடக்கிறோம், திரும்புகிறோம், நான்கு சுவரையும் பார்க்கிறோம். மாதிரி வீட்டின் அறையை வெளியே உட்கார்ந்துகொண்டு ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறோம். இந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. அடுத்த வீட்டுக்கு அளவு குறிக்கும்போது வகுத்தல் கணக்கைக் கடைசியில் வைத்தேன். உள்ளே என்ன வைக்கப்போகிறேன், எங்கே உட்கார்ந்து பார்ப்பேன், கை எவ்வளவு தூரம் போகும் என்ற மூன்றையும் முதலில் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேலைப் பற்றி, அதாவது நிஜ அளவுக்கும் மாதிரி அளவுக்கும் உள்ள விகிதத்தைப் பற்றி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1:12 என்றால் நிஜத்தில் ஓர் அடி, மாதிரியில் ஓர் அங்குலம். கணக்கு மனதிலேயே ஓடும் என்பதால் இது பரவலான ஸ்கேல். கட்டடக்கலைஞர் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்து 1924-ல் முடிந்து, இப்போது இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கும் ராணி மேரியின் பொம்மை வீடும் இதே ஸ்கேல்தான். 1:24-ல் ஓர் அடிக்கு அரை அங்குலம். 1:48-ல் கால் அங்குலம். ஸ்கேலைப் பாதியாக்கும்போது நீளம் பாதியாகிறது, தரைப்பரப்பு கால் பங்காகிவிடுகிறது. மேசையில் இடம் இல்லை என்றால் 1:24 பெரிய நிம்மதி. ஆனால் அதில் நாற்காலியின் இருக்கை முக்கால் அங்குல உயரத்தில் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து வேலை செய்யும் பொறுமை இருக்கிறதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அடி-அங்குலமா, மில்லிமீட்டரா, ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். 1:12-ல் ஓர் அடிக்கு 25.4 மி.மீ. வரும். கணக்குக்குச் சுலபம் என்று 25 என எடுத்துக்கொண்டால் 30 அடி வீட்டில் 12 மி.மீ. காணாமல் போய்விடும். ஒரு சுவரை அங்குலத்திலும் அடுத்ததை இந்த 25 கணக்கிலும் வெட்டினால் மூலை சேராது.

சரி, அறைக்கு வருவோம்.

ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 அடிக்கு 10 அடி என்றால் மாதிரியில் 10 அங்குலச் சதுரம். இருவர் படுக்கும் கட்டில் 5 அங்குல அகலம், ஆறரை அங்குல நீளம். தலைமாட்டைப் பின்சுவரை ஒட்டிப் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டரை அங்குலம், முன்னால் மூன்றரை அங்குலம் மிஞ்சும். நிஜ அறையில் இது தாராளம். கட்டிலுக்கு எதிரே, கால்மாட்டுச் சுவரில் அலமாரியை நிறுத்திவிடுவோம். மாதிரி வீட்டில் அந்தக் கால்மாட்டுச் சுவர்தான் திறந்த பக்கம். அங்கே சுவரே கிடையாது. அலமாரியைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோனால், அதன் 2 அங்குல ஆழம் போகக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அரை அங்குலம்தான் மிஞ்சும். கதவைத் திறக்க முடியாது, ஆள் போக முடியாது. திறந்த பக்கத்தின் விளிம்பில் முதுகைக் காட்டியபடி வைத்தால், பார்க்கிறவருக்கு அலமாரியின் பின்பலகைதான் தெரியும்.

நாலு சுவருக்குத் திட்டமிட்ட சாமானை மூன்று சுவரில் அடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். அதனால் நான் இப்போது அறையை அகலத்தில் கூட்டி, ஆழத்தில் குறைக்கிறேன். அதே படுக்கையறையை 13 அங்குல அகலம், 9 அங்குல ஆழம் என்று போட்டுப் பாருங்கள். கட்டில், ஒரு பக்கம் அலமாரி, மறுபக்கம் ஒரு சிறு மேசை, நடக்க இடம் எல்லாம் வந்துவிடும். முன்னால் இரண்டரை அங்குலம் வெறும் தரையாக இருக்கும். அதை நிரப்பாதீர்கள். முன்னால் இருக்கும் வெற்றுத் தரைதான் அறைக்குள் கண்ணைக் கூட்டிப்போகிறது.

ஆழத்துக்கு என் வரம்பு 9 முதல் 11 அங்குலம். இது 1:12-க்குச் சொல்வது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், உங்கள் மேசைக்கும் உங்கள் உயரத்துக்கும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் மேசை 30 அங்குல உயரம். மாதிரியின் அடித்தளம் ஓர் அங்குலம். ஆக, கீழ்த்தளத்தின் தரை 31 அங்குலத்தில் இருக்கிறது, 9 அங்குலச் சீலிங்கின் விளிம்பு 40-ல். நாற்காலியில் உட்கார்ந்தால் என் கண் 47 அங்குல உயரத்தில் வருகிறது, வீட்டிலிருந்து 24 அங்குலம் தள்ளி. கண்ணிலிருந்து சீலிங் விளிம்பைத் தொட்டு உள்ளே போகும் கோடு 24 அங்குலத்துக்கு 7 அங்குலம் இறங்குகிறது. அறை 10 அங்குல ஆழம் என்றால் பின்சுவரை அடைவதற்குள் அந்தக் கோடு இன்னும் கிட்டத்தட்ட 3 அங்குலம் இறங்கும். பின்சுவரில் தரையிலிருந்து 6 அங்குலம் வரை தெரியும். ஆள் கண்மட்டத்தில், அதாவது 5 அங்குலத்தில் மாட்டிய படம் நன்றாகவே தெரியும். அதே கணக்கை என் 18 அங்குல ஹாலுக்குப் போட்டேன். பின்சுவரில் மூன்றேமுக்கால் அங்குலம்தான் தெரிகிறது. நான் அவ்வளவு பாடுபட்டு ஒட்டிய படத்தை, நேராகவே ஒட்டியிருந்தாலும், உட்கார்ந்து பார்க்கிற யாருக்கும் தெரிந்திருக்காது. நின்றபடி பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். கண் 60 அங்குலத்தில் இருந்தால் அந்தக் கோடு தரையிலேயே, திறப்பிலிருந்து 11 அங்குலத்துக்குள் முட்டி நின்றுவிடும். பின்சுவர் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு நூல் போதும். இரண்டாவது வீட்டுக்கு அட்டையில் அறை செய்து மேசையில் வைத்து, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். மகள் ஒரு நூலின் நுனியை என் கண்ணோரம் பிடித்துக்கொண்டாள். "அசையாதீங்கம்மா" என்று அதட்டல் வேறு. மறுநுனியைச் சீலிங் விளிம்பைத் தொடும்படி இழுத்துப் பின்சுவர் வரை கொண்டுபோய், தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டுக்கு மேலே என்ன ஒட்டினாலும் எனக்காகத்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு சீலிங்கை ஓர் அங்குலம் உயர்த்திவிட்டு மறுபடி நூல் பிடித்தோம். கோடு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலே போனது. அன்றே கீழ்த்தளச் சீலிங்கை 10 அங்குலமாக்கிவிட்டேன். நிஜத்தில் 10 அடிச் சீலிங் கொஞ்சம் உயரம்தான், ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது மிகையாகவே தெரியவில்லை. 8 அங்குலச் சீலிங் வைத்தால் அளவு சரியாக இருந்தும் பெட்டி போலத் தெரிகிறது.

மாடி அறைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவை கண்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. எனவே ஆழமான அறை ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் அதை மாடிக்குக் கொண்டுபோங்கள். அல்லது வீட்டை ஒரே பக்கம் திறக்காமல் பல பக்கமும் திறக்கும்படி செய்யுங்கள். ராணி மேரியின் பொம்மை வீட்டில் வெளிச்சுவர்க் கூடு மொத்தமாக மேலே எழும்பும். உள்ளே இருக்கும் அறைகளைச் சுற்றி வந்து பார்க்கலாம். வீடு ஆழமாக இருந்தாலும் ஒவ்வோர் அறையும் தன் பக்கத்தில் திறந்துகொள்கிறது.

அடுத்து, சுவரின் தடிமன். இதில் எனக்கு நல்ல அடி விழுந்தது. முதல் வீட்டின் வரைபடத்தில் சுவர்களை ஒற்றைக் கோடாகப் போட்டிருந்தேன். மாடியில் 30 அங்குல அகலம். அதில் மூன்று அறை, ஒவ்வொன்றும் 10 அங்குலம். வெளிச்சுவர் இரண்டு, தடுப்புச்சுவர் இரண்டு, ஆக நான்கு பலகை. 9 மி.மீ. பிளைவுட் என்றால் மொத்தம் 36 மி.மீ., ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வோர் அறையும் கிட்டத்தட்ட அரை அங்குலம் சுருங்கிவிட்டது. இரண்டு அறைகளில் அது பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவதை இரண்டாகத் தடுத்துப் பாதியைக் குளியலறையாக்கியிருந்தேன். குளியல் தொட்டி சரியாக 5 அங்குலம், அதற்காகவே 5 அங்குல அகலம் குறித்திருந்தேன். கட்டி முடித்து, தரையில் டைல் ஒட்டி, சுவருக்குக் காகிதம் ஒட்டி, கடைசியில் தொட்டியைக் கொண்டுபோய் வைத்தால் உள்ளே இறங்கவே இல்லை. குறுக்காகச் சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். தொட்டியின் விளிம்பு சுவர்க் காகிதத்தைக் கிழித்ததுதான் மிச்சம்.

பலகை அறுத்துக் கொடுத்த ஆசாரியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "உள்கூடு அளவா கொடுத்தீங்க, வெளிக்கூடு அளவா?" நான் அப்படி யோசித்ததே இல்லை. இப்போதெல்லாம் அறைகளின் உள்கூடு அளவை முதலில் எழுதி, நடுவே ஒவ்வொரு சுவரின் தடிமனையும் மில்லிமீட்டரில் எழுதி, கடைசியில் கூட்டி வருவதை வீட்டின் வெளி அகலமாக எடுத்துக்கொள்கிறேன். அதாவது அறையிலிருந்து வெளியே வருகிறேன். வெளிப்பெட்டியை முதலில் முடிவுசெய்து உள்ளே கூறுபோடுவதில்லை. தரை டைல், ஸ்கர்ட்டிங் என்ற சுவரடிப் பட்டை, சீலிங்கில் ஒயர் ஓட விடும் பொய்க்கூரை என்று எல்லாமே அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். டைலுக்கு 2 மி.மீ., பொய்க்கூரைக்கு 6 மி.மீ. என்று முன்பே ஒதுக்கிவிடுங்கள்.

தடிமன் சரியாகத் தெரிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 9 மி.மீ. பலகையை 12-ஆல் பெருக்கினால் 108 மி.மீ., அதாவது நாலேகால் அங்குலச் சுவர். உள்தடுப்புக்கு இது இயல்பான கனம். 1:24-ல் அதே பலகை எட்டரை அங்குலச் சுவராகிவிடும், வெளிச்சுவருக்குத்தான் சரி. ஸ்கேல் சிறிதாகச் சிறிதாகப் பலகையும் மெலிய வேண்டும்.

படிக்கட்டை நான் ஒரு மூலையில் சொருகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். படிக்கட்டும் ஓர் அறைதான் என்று வைத்துத் திட்டமிடுங்கள். 9 அங்குலச் சீலிங், அரை அங்குலத் தளம். ஆக ஏற வேண்டிய உயரம் ஒன்பதரை அங்குலம், நிஜத்தில் 114 அங்குலம். ஒரு படி 7 அங்குலத்துக்குச் சற்று மேல் என்று வைத்தால் 16 ஏற்றம் வரும். கால் வைக்கும் பலகை 15. ஒவ்வொன்றும் நிஜத்தில் 10 அங்குலம் என்றால் மொத்தம் 150 அங்குலம். மாதிரியில் பன்னிரண்டரை அங்குல நீளம்! ஓர் அறையின் முழு ஆழத்தையும் விட அதிகம். இதோடு முடியவில்லை. ஏறுகிற ஆளின் தலை இடிக்காமல் இருக்க மேல்தளத்தில் சுமார் 9 அங்குல நீளத்துக்குத் திறப்பு விட வேண்டும். மாடி அறையின் தரை அந்த அளவுக்குக் குறையும். முதல் வீட்டில் இந்தத் திறப்பை நான் பாதிதான் விட்டிருந்தேன். ஆறு அங்குலப் பொம்மையைப் படியில் நிறுத்தியபோது தலை தளத்துக்குள் போனது.

வழி இருக்கிறது. நடுவில் லேண்டிங் வைத்து இரண்டாக மடக்கினால் ஒரு பக்கத்துக்கு ஏழு பலகை, அதோடு 3 அங்குல லேண்டிங், மொத்தம் 9 அங்குல ஆழத்துக்குள் அடங்கும். அகலம் ஆறேகால் அங்குலம் ஆகும். நான் சீலிங்கை 10 ஆக்கியதால் ஏற்றம் இரண்டு கூடியது, அதற்கேற்ப ஆழமும் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் கூடியது. சீலிங்கைத் தொட்டால் படிக்கட்டையும் மறுபடி கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு கணக்குக்கும் காகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, மாஸ்கிங் டேப் போட்டு ஒட்டி, அறைகளை மாதிரியின் அதே அளவில் செய்து பாருங்கள். எனக்கு ஒரு மாலைதான் ஆனது. சாமான்களையும் அட்டையிலேயே மடித்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய சாமான் இருந்தால் அதை அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். பெட்டியில் 1:12 என்று போட்டிருக்கும், ஆனால் சோபா மட்டும் வீங்கியிருக்கும். நாற்காலியின் இருக்கை ஒன்றரை அங்குலம், சாப்பாட்டு மேசை இரண்டரை அங்குலம், சமையல் மேடை 3 அங்குலம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றவற்றை நம்பலாம். பெரிய சோபா பிடித்துப்போய்விட்டது என்றால் தாராளமாக வாங்குங்கள், அறையை அதற்கேற்ப அகலப்படுத்துங்கள். கதவுக்கு 3 அங்குல ஆரத்தில் கால்வட்டம் ஒன்றைக் காகிதத்தில் வெட்டித் தரையில் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் எதுவும் வரக்கூடாது. நாற்காலியைப் பின்னால் இழுக்க மேசையைச் சுற்றி குறைந்தது இரண்டரை அங்குலம் விடுங்கள்.

அப்புறம் கையை விட்டுப் பாருங்கள். இடுக்கியோடு, விளக்கு மாட்டுகிற மாதிரி, மூலையைத் துடைக்கிற மாதிரி. யார் இந்த வீட்டைக் கையாளப் போகிறார்களோ அவர்கள் கையும் போக வேண்டும். என் மகள் அட்டை ஹாலில் சாமான்களை மாற்றி மாற்றி அரை மணிநேரம் வைத்தாள். எதுவும் சாயவில்லை.

மொத்த அளவை முடிவுசெய்யும் முன் உங்கள் அறைக் கதவின் நிலைச்சட்டத்தை அளந்துகொள்ளுங்கள், வீடு அதன் வழியே போக வேண்டும். கூரையின் சாய்வு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நான் மாடியையும் கீழ்த்தளத்தையும் தனித்தனிப் பெட்டியாகச் செய்து ஒன்றின் மேல் ஒன்று வைக்கிறேன். தூக்கவும் சுலபம்.

முதல் வீட்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதன் ஹாலை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தோர்ன் மினியேச்சர் அறைகளின் படங்களைப் பார்த்தேன். சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கும் 68 சிற்றறைகள். பெரும்பாலும் 1930-களில் செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றில் கதவு வழியே இன்னொரு அறையின் துண்டு, ஜன்னல் வழியே ஒரு தோட்டம் என்று தெரியும். வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வரும். அறை பெரிதாக இல்லாவிட்டாலும், அதற்கப்பால் வீடு தொடர்வதாகக் கண்ணுக்குப் படுகிறது.

அதே போல என் ஹாலில் பத்தரை அங்குலத்தில் புதிதாக ஒரு பின்சுவர் எழுப்பினேன். நடுவில் 7 அங்குல உயரத்தில் ஒரு வாசல், கதவு பாதி திறந்தபடி. அதற்குப் பின்னால் மிச்சமிருந்த ஏழு அங்குலத்தை ஒரு நடைவழியாக்கி, பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சிறு எல்.இ.டி. வைத்தேன். நடைவழியின் கடைசிச் சுவரில் ஒரு ஜன்னல் மட்டும் வரைந்தேன், அதுவும் தெரிகிற உயரத்துக்கு. வீட்டின் பழைய பின்பலகையை ஒட்டாமல் இரண்டு திருகில் நிறுத்தியிருக்கிறேன். பல்பு போனால் அந்த வழியாகக் கையை விட்டு மாற்றிவிடலாம். கோணலாக ஒட்டிய படத்தை ஈரத்துணியால் ஊறவைத்துப் பெயர்த்து எடுத்துப் புதுச் சுவரில், வாசலுக்கு இடப்பக்கம், தரையிலிருந்து 5 அங்குலத்தில் ஒட்டினேன். நூல் பிடித்துப் பார்த்தோம், படத்தின் மேல்சட்டம் பென்சில் கோட்டுக்குக் கால் அங்குலம் கீழே இருக்கிறது.